மார்த்தாண்டவர்மா பாதியில் நிற்கிறதா?

தக்கலையில் உங்கள் வாசிப்புக் குழு சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள வரலாற்று நாவல் 'மார்த்தாண்டவர்மா'வில் (1891) மூன்று அத்தியாயம் தாண்டவில்லை, யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் சார். மருமக்கத்தாயம், அதாவது சொத்தும் பதவியும் மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை, பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அரியணை திருவிதாங்கூர் மன்னரின் மகன் பத்மநாபன் தம்பிக்கு ('தம்பி' என்பது பட்டம்) இல்லை, மன்னரின் சகோதரி வழி மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. அந்த ஆத்திரத்தில்தான் பத்மநாபன் தம்பி, அரசரை எதிர்த்த எட்டுப் பிரபுக் குடும்பத் தலைவர்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு சேர்கிறார். இதை முதலில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வருணனைகளை வேகமாகக் கடந்து, உரையாடல்களை ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தமாக வாசியுங்கள். சுபத்ரா வரும் பகுதிகளுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள், நாவலின் உயிர் அவள்தான். திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தானே, குழுவாக ஒரு ஞாயிறு போய் வாருங்கள். திங்கள் விடுமுறை.