அயர்லாந்துக்குப் போகும் முன் பரங்கிமலையில் தேடுங்கள்

கேள்வி: எங்கள் எள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து ராணுவ வீரராக மெட்ராஸ் வந்தவர். குடும்பப் பெயர் மர்பி. 1835 வாக்கில் ‘கார்க்’ பக்கம் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1860களின் தொடக்கத்தில் பரங்கிமலையில் திருமணம் நடந்திருக்கிறது. அவருடைய சகோதரர்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்களாம். அயர்லாந்தின் பழைய ஆவணங்கள் எல்லாம் தீக்கிரையாகிவிட்டன என்கிறார்கள். இனித் தேடினால் ஏதாவது கிடைக்குமா? அந்த வழியில் எனக்கு அயர்லாந்துக் குடியுரிமை உண்டா?

பதில்: கிடைக்கும். ஆனால் நேராக அயர்லாந்துப் பதிவேடுகளில் இறங்கிவிடாதீர்கள். மர்பி என்பது அந்த நாட்டிலேயே மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். கார்க், அங்குள்ள 32 கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மிகப் பெரியது. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 1835ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினால், பெயரும் வயதும் பொருந்துகிற பலர் வரிசையாக வந்து நிற்பார்கள். அவர்களில் உங்களவர் யார் என்று சொல்ல எந்த வழியும் இருக்காது. முதலில் வேண்டியது அவர் பிறந்த ஊரின் பெயர். ஊரை விட்டுப் போனவரைப் பொறுத்தவரை, அந்தப் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டின் காகிதங்களில்தான் பதிந்திருக்கும்.

ஆகவே பரங்கிமலைத் திருமணத்திலிருந்து தொடங்குங்கள். மெட்ராஸ் மாகாணத்துத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் தளத்திலும் பெயரைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். அந்தக் காலத் திருமணப் பதிவுகள் பலவற்றில் மணமகனின் படைப்பிரிவும் தந்தை பெயரும் இருக்கும். இந்தப் பிரதிகள் முக்கியமாக ஆங்கிலிகன் திருச்சபையினுடையவை. கத்தோலிக்கப் பதிவுகள் அவற்றில் முழுமையாக இல்லை. உங்களவர் கத்தோலிக்கர் என்றால் அந்தப் பகுதிக்கான பங்குக் கோவிலின் மூலப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். 1834இல் நியமிக்கப்பட்ட டேனியல் ஓ’கானர் தொடங்கிப் பின்னர் வந்த ஜான் ஃபென்னலி வரை, அக்கால மெட்ராஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அந்த நாட்டுச் சிப்பாய்களின் திருமணங்கள் உள்ளூர்க் கோவில் ஏடுகளில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாட்சிகளின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்த நண்பரோ உறவினரோ சாட்சியாக நிற்பது வழக்கம்.

படைப்பிரிவு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பரங்கிமலை அன்று மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். உங்களவர் 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படையில் சேர்ந்திருந்தால், இங்கிலாந்தில் வார்லி முகாமில் பயிற்சி முடித்துக் கப்பல் ஏறியிருப்பார். அந்த முகாமின் ஏடுகளும் கப்பலேறியவர்களின் பட்டியல்களும் இந்திய அலுவலக ஆவணங்களில் ‘எல்/மில்/9’ வரிசையில் உள்ளன. வீரரின் வயது, செய்த தொழில், பிறந்த இடம் போன்ற விவரங்களை அவற்றில் பார்க்கலாம். அவர் பிரிட்டிஷ் அரசியின் நேரடிப் படையில் சேர்ந்து ஓய்வூதியம் பெற்றவர் என்றால், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டபிள்யூ.ஓ. 97’ வரிசை. அந்தப் படிவங்களில் ‘இன்ன பாரிஷில், இன்ன ஊருக்கு அருகே, இன்ன கவுண்டியில் பிறந்தவர்’ என்றே எழுதியிருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘லோகன்ம்’ என்ற அயர்லாந்து ஊர்ப்பெயர்த் தளம் சரியான வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவும்.

தீ பற்றிய பேச்சுக்கு வருகிறேன். அது உண்மை, அது மட்டுமே முழு உண்மையல்ல. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, ஏராளமான உயில்கள், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்து ஆங்கிலிகன் திருச்சபைப் பதிவேடுகள் எல்லாம் அதில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகள் அந்தத் தீயில் போகவில்லை. அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாயின. இந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. 1864 முதலான அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. எரிந்தவற்றின் பிரதிகளைப் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்து திரட்டி, 2022இல் ஒரு மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையே இணையத்தில் திறந்துவிட்டார்கள்.

உங்களவர் பிறந்தது 1864க்கு முன்பு என்பதால் ஞானஸ்நான ஏடே வழி. அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பெரும்பாலும் 1880 வரை உள்ளவை. கார்க், ராஸ் மறைமாவட்டங்களின் பதிவுகளை ‘ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ’ என்ற அரசுத் தளத்தில் பெயர் கொடுத்தே தேடலாம். கார்க் கவுண்டியின் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் குளோயின் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தப் பக்கத்து ஊர் என்றால் நூலகத்தின் படங்களில் தேட வேண்டிவரும். ராணுவத் தாளில் எழுதியிருக்கும் பாரிஷ் பெரும்பாலும் அரசு நிர்வாகப் பிரிவு. கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு, பெயரும் வேறாக இருக்கலாம். இது தெரியாமல் ஏடே இல்லை என்று கைவிட்டவர்கள் பலர். பதிவு லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆகியிருப்பார், வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆகியிருப்பார்.

அந்த ஏட்டில் குழந்தையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர்கள், பல பங்குகளில் டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூரின் பெயர் எல்லாம் அதே வரியில் இருக்கும். அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. ஒரு மர்பியை இன்னொரு மர்பியிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பெயரும் தாய்வழிப் பெயரும்தான். அதே பெற்றோரின் மற்ற குழந்தைகளையும் முன்பின் இருபது ஆண்டுகளுக்குத் திரட்டிவிடுங்கள். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும் இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரும் வைப்பது அங்கே பரவலான வழக்கம். பரங்கிமலையில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரு குறிப்புதான், சான்றாகக் கொள்ள முடியாது.

குடும்பம் அங்கேயே தங்கியதா என்பதை கிரிஃபித் மதிப்பீடு காட்டும். 1847 முதல் 1864 வரை, நிலமும் வீடும் வைத்திருந்தவர்களை டவுன்லேண்ட் வாரியாகப் பதிந்த வரி ஏடு அது. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்; மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள். அதற்குப் பின் 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக இலவசமாகக் கிடைக்கின்றன. 1911 தாளில், மணமான பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா போன சகோதரர்கள் உங்களுக்குக் கொடுப்பினை. மெட்ராஸ் தாளில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அவர்கள் தாளில் இருக்கலாம். ‘பாஸ்டன் பைலட்’ செய்தித்தாள் 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பல விளம்பரங்களில் கவுண்டி, பாரிஷ், டவுன்லேண்ட் வரை எழுதியிருக்கும். 1850இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, கணக்குத் திறந்தவரை அடையாளம் காண்பதற்காகப் பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாம் குறித்துவைத்தது. அங்குள்ள கல்லறைக் கற்களிலும் அயர்லாந்துப் பங்கின் பெயரைப் பொறித்திருப்பார்கள்.

பெயர் பொருந்துவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1892 ஜனவரி 1 அன்று, நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் முதலாவதாகப் பதிவான கார்க் பெண் ஆனி மோர் டெக்சாஸில் இறந்தவர் என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தை விழாக்களுக்கெல்லாம் அழைத்தார்கள். டெக்சாஸ் ஆனி இல்லினாயில் பிறந்தவர் என்று 2006இல் ஆவணங்கள் காட்டின. உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தவர். பெயர், வயது, ஊர், உறவினர் ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போகும்வரை யாரையும் வம்ச வரிசையில் சேர்க்காதீர்கள்.

குடியுரிமைக்கு இந்த வழி உதவாது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேரலாம். அதற்கு முந்தைய தலைமுறை என்றால், நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் பெற்றோர் அந்தப் பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும். எள்ளுத்தாத்தா வழியில் உரிமை கோர இயலாது. பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பரங்கிமலைத் திருமணப் பதிவின் நகல் கைக்கு வந்ததும் படைப்பிரிவு, தந்தை பெயர், சாட்சிகள் பெயர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து எந்த வரிசை ஏட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.