வெள்ளைக்கோட்டு மர அச்சில் கோடு ஏன் மறைகிறது?

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: “என் சொந்த ஊர் தரங்கம்பாடி. அங்குள்ள கோட்டையை வெள்ளைக்கோட்டு மர அச்சாக எடுத்துப் பார்த்தேன். கோடுகளுக்குள் வண்ணம் புகுந்துவிடுகிறது. கடல் திட்டுத்திட்டாக விழுகிறது. நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 25 பிரதிகள் எடுக்க முடியுமா?”

உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் தண்ணீர்தான். ஒன்றில் அது கூடிவிட்டது, மற்றொன்றில் போதவில்லை. ஜப்பானிய மர அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள புரொவின்ஸ்டவுனில் 1915-ஆம் ஆண்டு வாக்கில் நோர்ட்ஃபெல்ட் என்ற ஓவியர் அந்த வேலையைச் சுருக்கி, எல்லா வண்ணங்களையும் ஒரே பலகையில் பூசி, வண்ணங்களுக்கு நடுவே பள்ளம் மட்டும் வெட்டினார் என்பார்கள். அந்தப் பள்ளம் தாளில் வெள்ளைக்கோடாக நிற்கிறது. ஆகவே இந்த முறையில் கோடு என்பது நீங்கள் வரைவதன்று, வண்ணம் படாமல் விட்டுவைப்பது.

பள்ளத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பலகைமேல் தாளை வைத்து முதுகில் தேய்க்கும்போது தாள் உள்ளே அமுங்கி வண்ணத்தைத் தொட்டுவிடும். தூரிகையில் நீர் அதிகமானால் வண்ணமே பள்ளத்தில் வழிந்து நிற்கும். வி வடிவ உளியால் இன்னும் சற்று ஆழமாக வெட்டுங்கள். டியூப் நீர்வண்ணத்தைப் பால்போல் கரைக்காமல் தயிர் பதத்தில் வைத்துக்கொண்டு, கோட்டின் விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்பே தூரிகையை நிறுத்துங்கள். மும்பை மழைக்காலத்தில் தாளே ஈரத்தைக் குடித்திருக்கும் என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தாளைத் தனியாக நனைக்க வேண்டியதில்லை.

கடல் திட்டுத்திட்டாக விழுவதற்கு, பெரும்பாலும், உங்கள் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியே காரணமாக இருக்கும். கடல் முழுவதற்கும் ஒரே மூச்சில் வண்ணம் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசிய இடம் பலகையிலேயே காய்ந்துவிடும். காய்ந்த வண்ணம் தாளுக்கு ஏறாது. விசிறியை நிறுத்திவிட்டு, தீப்பெட்டி அளவுள்ள பகுதிக்கு மட்டும் வண்ணம் பூசி, மேல்விளிம்பில் குண்டூசிகளால் பலகையோடு பிணைத்த தாளை இறக்கி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் சிறு சுழற்சிகளாகத் தேயுங்கள். பிறகு தாளைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மட்டும் மறுபடி பூசி மறுபடி தேயுங்கள். ஊசிகளைக் கழற்றாதவரை தாள் இடம் மாறாது. ஒரு பிரதிக்கு இப்படி ஒரு பகல் போனாலும் வியப்பில்லை.

அலைகளை ஒவ்வொன்றாகச் செதுக்க முயல வேண்டாம். பைன் பலகையின் ரேகைகள் கிடைமட்டமாக அமையும்படி படத்தை வைத்தால், மென்மையாகத் தேய்க்கும்போது அந்த ரேகைகளே நீரோட்டம்போல் தாளில் பதியும். உளியால் எவ்வளவு பாடுபட்டாலும் அந்த இயல்பு வராது என்பது என் எண்ணம். ரேகைக்குக் குறுக்கே வெட்டும் கோட்டைச் சுவர்களில் மரம் சிலும்பும் என்பதால் உளியை அங்கே கூராகத் தீட்டிக்கொள்ளுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஈரத்தில் உப்பிவிடும், அது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அச்சில் படம் இடம்வலம் மாறி விழும். மாசிலாமணிநாதர் கோயில் பக்கமிருந்து தெற்கு நோக்கிக் கோட்டையைப் பார்ப்பவருக்குக் கடல் இடப்புறம் இருக்கும். படத்தை அப்படியே பலகையில் ஏற்றினால் அது வலப்புறம் போய்விடும், ஊர்க்காரர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டர் பேப்பரில் வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டுக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் படியெடுங்கள்.

25 பிரதிகள் வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு முறையும் வண்ணத்தைக் கையால் பூசுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று வராது. காலையொளியில் ஒன்று, மழைமேகத்தோடு ஒன்று என வண்ணங்களை மாற்றி நான்கைந்து மட்டும் எடுத்து, நெருங்கியவர்களுக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்கு, அவற்றுள் நன்றாக வந்த ஒன்றை ஸ்கேன் செய்து அஞ்சலட்டை அளவில் அச்சடித்துக்கொள்ளலாம்; ஈரம் முழுதும் போவதற்கு ஓரிரு நாள் விட்ட பிறகே ஸ்கேனர் கண்ணாடியில் வையுங்கள்.