சடை நாய்கள் பிறவியிலேயே கோபக்காரர்களா? வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா?

தெஹிவளையில் இருக்கிறீர்கள், ஐந்து வயதுப் பொமரேனியன், சீப்பைக் கண்டாலே உறுமுகிறது, பின்னங்காலைத் தொட்டால் கடிக்க வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சடை நாய்களின் குணமே இதுதானா, மொட்டை அடித்துவிட்டால் வெயிலும் தாங்கும், சீவும் தொல்லையும் ஒழியுமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து மொட்டை அடிக்காதீர்கள். குணம் என்று முடிவுகட்டியும் விடாதீர்கள். நான் இரண்டையும் செய்தவள்.

நான் மிருக வைத்தியர் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அம்மாவும் நானும் ஜிம்மியும் இருக்கிறோம். ஜிம்மியும் பொமரேனியன்தான், 2016இல் இரண்டு மாதக் குட்டியாக வந்தவன். தினமும் காலையில் அவனைச் சீவிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். மாலையில் மரைன் டிரைவில் நடந்தால் பஞ்சுப் பொதி போல இருக்கிறான் என்று தெரியாதவர்களும் நின்று சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன்.

பொருளாதார நெருக்கடி நடந்த 2022 மார்ச் மாத இறுதி உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மின்விசிறி இல்லை, காற்றும் இல்லை. ஜிம்மி குளியலறைத் தரையிலேயே கிடந்தான். சீப்பை எடுத்தால் மேசைக்கடியில் போய் உறுமினான். சூட்டில் எரிச்சல்படுகிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் இரவு, இருட்டில் மிதிபடுவானே என்று அம்மா அவனை நெஞ்சுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். கடித்துவிட்டான். மணிக்கட்டுக்கு மேலே பல் இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு அப்போது 71 வயது.

காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஜிம்மிக்கு வருடந்தோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு ஊசி தொடங்கினார்கள், நாயைப் பதினான்கு நாள் கவனிக்கச் சொன்னார்கள். வத்தளையிலிருந்து மாமா வந்தார். "ஒருமுறை கடித்தது மறுபடியும் கடிக்கும். வளவு உள்ள யாருக்காவது கொடுத்துவிடு" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆறு வருடம் என் கட்டில் காலடியில் படுத்தவனைக் கொடுத்துவிட ஒரு நிமிடத்தில் தலையாட்டினேன். அம்மாதான், கட்டுப்போட்ட கையோடு, "அவனுக்கு எங்கேயோ நோகிறது, முதலில் அதைப் பாருங்கள்" என்றார்.

பதினான்கு நாள் முடிந்ததும், நாய்களுக்கு முடி வெட்டும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். வாயைக் கட்டி, இயந்திரத்தால் தோலோடு தோலாக வழித்தார்கள். முடி உதிர்ந்து விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் அப்படித்தான் விழுந்தது. கக்கத்திலும் காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் மட்டும் சாக்குத் துண்டு போல ஒரே தகடாகக் கழன்று வந்தது. அதன் அடியில் தோல் சிவந்து, ஈரமாக, நாற்றமெடுத்துக் கிடந்தது. ஒரு கக்கத்தில் இரண்டு உண்ணிகள். போதாக்குறைக்கு இயந்திரம் அங்கே தோலையும் கிழித்துவிட்டது. "பொல்லாத நாய், ஆட்டியதால் வெட்டுப்பட்டது" என்றார்கள்.

அங்கிருந்து நேரே மிருக வைத்தியரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எந்த இடத்தில் பிடித்துத் தூக்கினார்?" என்பது. அம்மா கையால் காட்டினார். அவர் ஜிம்மியின் முன்னங்காலை மெல்ல உயர்த்தி அந்த இடத்தை எனக்குக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

தினமும் சீவிய நாய்க்கு எப்படிச் சிக்கு விழுந்தது? நான் சீவியது மேல்முடியை. பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமான விறைத்த முடி, உள்ளே தோலையொட்டி அடர்ந்த மென்மயிர். உள்மயிர் கழலும்போது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிக்கி முறுக்கிக்கொள்கிறது. நான் ஒவ்வொரு ஞாயிறும் சிக்கெடுக்காமலே குளிப்பாட்டினேன். நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் துண்டால் துடைத்துவிட்டால் மட்டும் உள்முடி காய்வதில்லை. மேலே பஞ்சாகவும் அடியில் கம்பளித் தகடாகவும் ஒரே நாய் இருக்க முடியும். அந்தத் தகடு ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தோலை இழுக்கும்.

மொட்டை அடித்ததன் பலன் அடுத்து வந்தது. முதுகில் முடி முளைக்கவே இல்லை. எட்டு மாதம் தோல் கறுத்துப்போய்க் கிடந்தது. பிறகு திட்டுத் திட்டாக உள்மயிர் மட்டும் வந்தது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஓரளவு மூடியது, பழைய முடி இன்றுவரை இல்லை. இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள், குறை இல்லை. இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்களை, அதிலும் பொமரேனியன் போன்றவற்றை, ஒட்ட வழித்தால் சிலவற்றுக்கு இப்படி ஆகும் என்று வைத்தியர் அப்போதுதான் விளக்கினார். "என் நாய்க்கு மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டதே" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். வளர்ந்திருக்கும், நான் மறுக்கவில்லை. எந்த நாய்க்கு வளரும், எதற்கு வளராது என்று வழிப்பதற்கு முன்னால் சொல்ல முடியாது என்பதுதான் என் பேச்சு.

வழித்தால் குளிர்ச்சி என்பதும் நம்மை வைத்து நாமே நினைத்துக்கொள்வது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் நாக்கின் ஈரம் ஆவியாவது குறையும். ஆகவே 31 பாகை வெயிலோடு கடற்கரை ஈரமும் சேர்ந்த நம் ஊரில் அதற்குத் தேவை காற்றோட்டமும் தண்ணீரும். சீவிய முடிக்குள் காற்று நுழையும், அதே முடி தோலை வெயிலிலிருந்தும் காக்கும். சிக்கு விழுந்த முடி நனைந்த கம்பளி. காலை ஆறரைக்கு முன், மாலையில் இருட்டிய பின் நடத்துங்கள். தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு எண்ணும் வரை தாங்கவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

ஷீட்சு, லாசா அப்சோ வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். அவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். ஓர் அங்குலம் விட்டுக் குட்டையாகக் கத்தரிக்கலாம், அதில் தவறில்லை.

இனி குணத்துக்கு வருகிறேன். முடி நீளத்துக்கும் கோபத்துக்கும் தொடர்பில்லை. எந்த வேலைக்காக வளர்த்தார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. லாசா அப்சோ திபெத்து மடாலயங்களின் உள்வாசலில் காவல் இருந்த இனம், அந்நியரை எளிதில் நம்பாது. கோல்டன் ரெட்ரீவர் 19ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்தில், சுட்டு விழுத்திய பறவையைக் கசக்காமல் வாயில் கவ்விவர வளர்க்கப்பட்டது. அதற்கும் நீள முடிதான், பெரும்பாலும் சாதுவாகவே இருக்கிறது. பொமரேனியன் வட நாட்டுப் பனியில் வண்டி இழுத்த பெரிய நாய்களின் வழிவந்தது, சத்தம் கேட்டால் குரைக்கும். குரைப்பது அதன் குணம். தொட்டதும் கடிப்பது வேறு, அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு நாய்க்கு யார் சீப்பு வாங்கினார்கள் என்று மாமா இப்போதும் கேட்பார். அதற்குக் குட்டை முடி, முற்றத்து மண்ணில் புரண்டால் போதும். பனிநாட்டு முடியை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தது நாம். அதைப் பராமரிப்பதும் நம் கடமை. மனிதனுக்கே சோறு இல்லாத காலத்தில் நாய்க்குச் சீப்பா என்றும் 2022இல் கேட்டார்கள். நானும் எரிவாயு வரிசையில் நின்றவள்தான். இரும்புச் சீப்புக்கு ஒருமுறை கொடுத்த பணம், அவ்வளவே.

      

சீவும் முறைக்கு வருகிறேன். இடக்கையால் முடியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து முனை வரை கீழ்நோக்கிச் சீவி, அடுத்த வகிட்டுக்குப் போங்கள். முடிவில் இரும்புச் சீப்பு வேரிலிருந்து தடங்கலின்றி ஓட வேண்டும். சிறு சிக்கென்றால் சோள மா கொஞ்சம் தூவி, தோல் இழுபடாதபடி அடியில் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள். கத்தரிக்கோலை அருகே கொண்டுபோகாதீர்கள், சிக்குக்குள் தோலும் இழுபட்டு நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும், அவித்த கோழித் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால், அசையாமல் விறைத்தால் நிறுத்திவிடுங்கள். உறுமியதற்கு அடிக்காதீர்கள். நான் அடித்திருக்கிறேன். ஜிம்மி உறுமுவதை விட்டான், அதன் பிறகுதான் அறிவிப்பில்லாமல் கடித்தான்.

உங்கள் நாய் பின்னங்காலைத் தொட்டால்தான் கடிக்க வருகிறது என்றீர்கள். முதலில் தொடையிடுக்கையும் வாலடியையும் விரலால் தடவிப் பாருங்கள். சிக்கு மிகுந்து தகடாகிவிட்டிருந்தால் வீட்டில் இழுக்க வேண்டாம், மயக்கமருந்து கொடுத்து அந்த இடங்களை மட்டும் எடுக்க வைத்தியரிடம் கேளுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் முழங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பொமரேனியனுக்கு முழங்கால் சில்லு இடம் விலகுவது அடிக்கடி வரும். நடக்கும்போது நடுவில் இரண்டு மூன்று அடி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறதா என்று இன்று மாலையே கவனியுங்கள். துள்ளினால் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போங்கள், வைத்தியசாலை மேசையில் வைத்தால் பயத்தில் எந்த நாயும் நடந்து காட்டாது.