டைட்டானிக்கில் யார் பிழைத்தார்கள்: பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்

"ஒரு பேரிடரில் ஏழைகள்தான் அதிகம் இறந்தார்கள் என்பதைப் புள்ளியியல் வைத்து எப்படிக் காட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் சேலம் அம்மாபேட்டையில் அக்கா வீட்டுத் திண்ணையில் இதே பேச்சுதான். புள்ளியியல் படிக்கும் அக்கா மகள், டைட்டானிக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 1912 பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் எண்கள். முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 285க்கு 118. மூன்றாம் வகுப்பில் 706க்கு 178. கப்பல் ஊழியர்களில் 885க்கு 212.

"மாமா, மூணாம் வகுப்பு 25 சதவீதம், ஊழியர் 24. ரெண்டு பேர் கதியும் ஒண்ணுதானே?" என்றாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, ஆண், பெண் எனப் பிரிக்கச் சொன்னேன். ஆண்களில் மூன்றாம் வகுப்பு 510க்கு 88, அதாவது 17 சதவீதம்; ஊழியர் 862க்கு 192, 22 சதவீதம். பெண்களில் மூன்றாம் வகுப்பு 196க்கு 90, 46 சதவீதம். ஊழியர் 23க்கு 20, 87 சதவீதம். ஆணோ பெண்ணோ, ஊழியர்தான் அதிகம் பிழைத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் மட்டும் மூன்றாம் வகுப்பு முந்துகிறது! நம்பாமல் மறுபடியும் வகுத்தாள். படகில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். ஊழியரிலோ பெண்கள் 23 பேர்தான். அதுதான் மொத்தக் கணக்கைத் திருப்பிவிட்டது. சிம்ப்சன் முரண் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) போடலாம், தப்பில்லை. நான்கு குழுக்களுக்கும் சேர்த்து 190 வருகிறது, 7.81ஐத் தாண்டினாலே தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஆனால் வித்தியாசம் யாருக்கு, எவ்வளவு என்பதை அந்த 190 சொல்லாது.

பிரித்த பிறகும் வகுப்பு வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. வயது வந்த பெண்களில் முதல் வகுப்பில் 144 பேரில் 4 பேர் இறந்தார்கள், மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 89 பேர். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேருமே பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 79 பேரில் 27 குழந்தைகள்தான். எத்தனை முறை பார்த்தாலும் இந்த வரியில் எனக்கு மனசு கனத்துவிடும். அதற்காக ஏழை என்றாலே சாவு என்று ஒரே அடியாக எழுதிவிடவும் கூடாது. சிறுவர்களை விட்டுவிட்டு வயது வந்த ஆண்களை மட்டும் பார்த்தால், இரண்டாம் வகுப்பில் 168 பேரில் பிழைத்தவர் 14 பேர், 8 சதவீதம். மூன்றாம் வகுப்பிலோ 16 சதவீதம். இதையும் கட்டாயம் எழுதச் சொன்னேன்.

அடுத்து 2004 சுனாமியை எடுக்கப்போகிறாளாம். கடலூர், நாகை கரையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். கப்பலில் நடந்ததற்கு நேர் எதிர். சரி, செய். ஆனால் கப்பலுக்குப் பயணிகள் பட்டியல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள் நின்றிருந்தார்கள், கடலுக்குள் எத்தனை பேர் போயிருந்தார்கள்? வகுக்க வேண்டிய எண் அதுதான். முதலில் அதைத் தேடு என்றேன்.