உடற்குறைத் தொகையா, முன்கூட்டிய ஓய்வா? சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகர்: வயது 56. முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தபின் லாரி ஓட்ட முடியவில்லை. மத்திய சேம நிதியை எடுத்துக்கொண்டு ஓய்வு பெறுவதா, கேர்ஷீல்டு லைஃப் தொகையைக் கோருவதா?

பதில்: ஐயா, ஒன்றுக்கு மற்றது மாற்று அன்று. 55 வயதுக்குப் பின் சேம நிதியிலிருந்து நீங்கள் எடுப்பது உங்கள் சொந்தச் சேமிப்பு. எடுக்கும் அளவுக்கு 65 முதல் கிடைக்கக்கூடிய மாதத் தொகை குறையும். கேர்ஷீல்டு, கடுமையான உடற்குறைக்கான ஒரு காப்புறுதி. வேலை போயிற்றா என்று அது கேட்பதில்லை. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றையாவது பிறர் கைத்துணையின்றிச் செய்ய இயலாதவருக்கே அது கிடைக்கும். எந்த வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர் என மருத்துவர் சான்றளித்தால், மருத்துவக் காரணத்தின் பேரில் சேம நிதியை எடுக்க விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் முன்பாக ஒன்று: காயம் வேலையில் நேர்ந்ததாயின், விபத்து நடந்த ஓராண்டுக்குள் வேலைக்காய இழப்பீடு கோர வேண்டும். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஈசூன் வாசகர்: கேர்ஷீல்டில் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: 2020இல் மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2025இல் 662. கோரிக்கை ஏற்கப்பட்ட ஆண்டின் தொகையே உங்களுக்கு நிலைக்கும். கடுமையான உடற்குறை நீடிக்கும்வரை, ஆயுள் முழுவதும் வரும்.

தெம்பனிஸ் வாசகி: சந்தா கட்டியவர், பிழைப்பை இழந்தவர், சட்டை மாட்ட முடிகிறது என்பதற்காக ஒன்றும் பெறாதது அநியாயம் அல்லவா? அமெரிக்காவில் உழைக்க முடிகிறதா என்றுதானே பார்க்கிறார்கள்?

பதில்: உண்மைதான். அங்கே, கணிசமான வேலை எதையும் செய்யவொட்டாத குறை குறைந்தது ஓராண்டு நீடிக்கும் என்று மெய்ப்பிக்க வேண்டும். 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் 62இலேயே ஓய்வுத் தொகையை எடுத்தால் 30 விழுக்காடு குறையும். உடற்குறைத் தொகைக்கு அப்படி வயதுக் குறைப்பு இல்லை. ஆகவே இரண்டையும் எடைபோடுவது அங்கே பொருளுள்ள கணக்கு. இங்கே கேர்ஷீல்டு பராமரிப்புச் செலவுக்காக வகுக்கப்பட்டது, ஊதிய இழப்புக்காக அன்று.

தெம்பனிஸ் வாசகி: வகுத்த விதம்தான் தவறு என்கிறேன்.

பதில்: அம்மா, பாதி ஒப்புக்கொள்கிறேன்: உழைக்க முடியாமல், ஆனால் தாமே குளிக்க முடிகிறவர்கள் இடையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் வரையறையைத் தளர்த்தினால் சந்தா ஏறும், அதையும் நாம்தான் கட்ட வேண்டும். கேர்ஷீல்டுக்கான உடற்குறை மதிப்பீட்டில் நேர்வதையும் சொல்ல வேண்டும். என் மாமனார், மதிப்பீட்டாளர் முன்னால் ஐந்து நிமிடம் போராடி இரண்டு பொத்தான்களைப் போட்டுவிட்டு, "பார்த்தீர்களா?" என்று சிரித்தார். அன்றாடம் அவருக்குச் சட்டை போட்டுவிடும் மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நாளில் வீரம் காட்ட வேண்டாம். வழக்கமாக உள்ளதை உள்ளபடி காட்டுங்கள்.

பிடோக் வாசகர்: 55இல் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சேம நிதி மாதத் தொகையை 70 வரை தள்ளிப்போட்டால், தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வாசகி: கேர்ஷீல்டு பெற்றால் சேம நிதி மாதத் தொகை குறையுமா?

பதில்: குறையாது.