மைதானத்தில் மனம்: விளையாட்டு வீரர்களின் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிகளோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர் நான். மாகாணமட்டப் போட்டிகள் நெருங்குவதால் கேள்விகள் குவிந்துவிட்டன. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மனதைக் குறை சொல்வதற்கு முன் உடம்பைப் பாருங்கள். நித்திரை, சாப்பாடு, காயம் மூன்றையும் விசாரிக்காமல் நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை.

கேள்வி (வலைப்பந்தாட்டம், உயர்தர மாணவி): பயிற்சியில் எறிவதெல்லாம் விழுது. போட்டியில் கை நடுங்குது அக்கா. பயத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹோர்மோன் செய்யும் வேலை. உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகிறது. "பயப்படாதே" என்று சொல்லச் சொல்லக் கவனம் பயத்திலேயே போய் நிற்கும். அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வூட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. பேசப் போவதற்கு முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களை விட நன்றாகப் பேசினார்கள்.

பந்து கைக்கு வந்தால் உங்களுக்கு மூன்று செக்கன்தான். அதற்குள் அடங்கும் ஒரு ஒழுங்கைப் பழகுங்கள். காலை ஊன்றுங்கள், வளையத்தில் ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்துங்கள், மூச்சை வெளியே விட்டு எறியுங்கள். கூடைப்பந்தில் தேர்ந்தவர்கள் எறியுமுன் இலக்கில் பார்வையைக் கூடுதல் நேரம் நிறுத்துகிறார்கள் என்பதை கனடிய விளையாட்டு ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1990களிலேயே அளந்து காட்டினார். பயிற்சியின் கடைசியில், ஓடிக் களைத்த பிறகு, தோழிகளைச் சுற்றி நின்று கத்தச் சொல்லி எறியுங்கள். சத்தமில்லாத மைதானத்தில் பழகியது ஆரவாரத்துக்குள் தானாக வராது.

கேள்வி (துடுப்பாட்ட வீரரின் தகப்பன்): இரவு பத்து மணி வரை ரியூசன், விடிய ஐந்து மணிக்குப் பயிற்சி. மகனுக்குக் கவனம் சிதறுது. தியானம் பழக்கலாமா?

பதில்: அவருக்கு நித்திரை கொடுங்கள் ஐயா. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். தியானம் அதற்குப் பிறகு.

கேள்வி: நடுக்கத்துக்கு மாத்திரை இருக்காமே?

பதில்: சொந்தமாக எடுக்க வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீற்றா புளொக்கர் வகை மாத்திரைகள் அம்பெய்தல், குறிபார்த்துச் சுடுதல் போன்ற போட்டிகளில் தடை செய்யப்பட்டவை.

கேள்வி: போட்டிப் பயம் போக என்ன வழி?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்): எங்கட காலத்தில் அடியும் ஏச்சும் வாங்கித்தான் வென்றோம். இப்ப மனம் சரியில்லை என்று அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மாதிரி விலகுவதைப் பாராட்டுகிறீர்கள். இது கோழைகளைத்தான் உருவாக்கும்.

பதில்: அண்ணை, பைல்ஸுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அற்றுப்போனது. இரண்டரைச் சுற்றுக்குப் பாய்ந்தவர் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். விலகினார், சில நாளில் சமநிலைக் கட்டையில் வெண்கலம் எடுத்தார், 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? அடி வாங்கி வென்ற உங்களைத் தெரிகிறது. அடி வாங்கி விளையாட்டையே விட்டவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

(ஒரு தாய்: என்ர பெடியன் அப்படித்தான் விட்டவன். சப்பாத்தை அலுமாரிக்கு மேல போட்டிட்டான்.)

பயிற்றுவிப்பாளர்: அப்ப பிழை விட்டால் வாயே திறக்கக் கூடாதா?

பதில்: திறக்க வேண்டும், உரத்தும் சொல்லலாம். "மாடு, ஏன் விட்டாய்" என்பதில் அவர் அடுத்து என்ன செய்வது என்ற தகவல் இல்லை. "அடுத்த முறை பந்து வர முன்னம் தோளுக்கு மேலால பார்" என்பதில் இருக்கிறது. மிச்சத்தைப் பிறகு கதைப்போம், கீழே அவசரமான கேள்வி ஒன்று வந்திருக்கிறது.

கேள்வி: தம்பிக்கு முழங்கால் சவ்வு கிழிந்து சத்திரசிகிச்சை. அறையை விட்டு வெளியே வாறானில்லை. இருந்து என்ன பயன் என்கிறான்.

பதில்: இன்றைக்கே அவர் பக்கத்தில் இருந்து, "சாக வேண்டும் என்று யோசிக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். காயப்பட்ட வீரருக்கு வலியோடு அணியும் நண்பர்களும் தினசரி ஒழுங்கும் சேர்ந்தே பறிபோகின்றன. ஆபத்து இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகு, அணியினரைப் பயிற்சிக்கு அவரையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள், புள்ளி எழுதவாவது.

கேள்வி (நெடுந்தூர ஓட்டம்): நாலு மாதமாக மாதவிடாய் இல்லை. களைப்பு, அழுகை. மெலிந்தது நல்லது என்கிறார் கோச்.

பதில்: நல்லதே அல்ல. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், மனமும் சோரும். இந்தக் கிழமையே வைத்தியரைப் பாருங்கள், மற்றக் காரணங்களையும் அவர் பார்ப்பார். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் உடம்பு.

கேள்வி: பயத்தைப் போக்க மூச்சுப் பயிற்சி உண்டா?

பதில்: முதல் பதிலில் மூச்சும் இருக்கிறது. இதே கேள்வி இனியும் வந்தால் பதில் எழுத மாட்டேன்.

பயிற்றுவிப்பாளர்: சரி. இடைவேளையில் பெடியளுக்கு என்ன சொல்ல?

பதில்: தண்ணீர் குடித்து மூச்சு வாங்க விடுங்கள். பிறகு ஒரேயொரு மாற்றம் சொல்லுங்கள், இரண்டாவது வேண்டாம். அதை ஒரு பெடியனைக் கொண்டு திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். சொல்லத் தடுமாறினால் இன்னும் எளிதாகச் சொல்லிப் பாருங்கள் அண்ணை.