ஐஸ் ஆற்றில் தூண்டில்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி தொடங்கி மாசி வரை கனடாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் படங்களில் இது ஒன்று கட்டாயம் இருக்கும்: உறைந்த ஆற்றின் நடுவில் கதிரை போட்டு, ஒன்றரை முழத் தடியைப் பிடித்தபடி மகனோ மருமகனோ. அதையொட்டி வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். பெரும்பாலானவை மனிற்றோபா மாகாணத்தின் ரெட் ஆற்றைப் பற்றியவை. அங்கே எல்லாரும் தேடிப்போகும் மீன் வோல்ஐ. உள்ளூரில் பிக்கரல் என்பார்கள்.

கேள்வி: மகன் வினிபெக்கில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் கூட்டாளிமாரோடு செல்கிர்க் பக்கம் ஆற்று ஐஸில் மீன் பிடிக்கப் போகிறான். வாகனத்தையே மேலே ஏற்றுகிறார்களாம். "ஒரு அடி தடிப்பு, பயப்படாதேங்கோ அப்பா" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தகப்பன், உப்புவெளி

பதில்: ஒரு அடி இருக்கலாம், ஆனால் அது அவர் துளை போட்ட இடத்தில் மட்டும். ஏரி ஐஸையும் ஆற்று ஐஸையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் புதிதாகப் போகிறவர்கள் விடும் பிழை. பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: தெளிவான, நீலம் படிந்த ஐஸ் என்றால் ஆள் நடக்கக் குறைந்தது 4 அங்குலம், ஸ்னோமொபைல் என்ற பனிவண்டிக்கு 5 முதல் 7, காருக்கு 8 முதல் 12, பிக்கப்புக்கு 12 முதல் 15. வெள்ளை ஐஸ் என்பது பனி நனைந்து உறைந்தது. அதன் பலம் ஏறத்தாழப் பாதிதான், ஆகவே எல்லா அளவையும் இரட்டிக்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் அசையாத தண்ணீருக்கு மேல் படிந்த ஐஸுக்கு. ஆற்றில் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். 14 அங்குலம் காட்டிய இடத்திலிருந்து இருபது காலடி தள்ளி 4 அங்குலம்கூட இல்லாமல் போகலாம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம், பாலத் தூண்களின் சுற்றுப்புறம், சிற்றாறு வந்து கலக்கும் வாய், கழிவுநீர்க் குழாய் விழும் இடம், லொக்போர்ட் அணைக்குக் கீழ்ப்புறம்: இவை எந்தக் குளிரிலும் சந்தேகத்துக்குரியவை. மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பனியே குளிரை உள்ளே விடாமல் தடுத்து ஐஸ் தடிப்பதையும் மந்தமாக்கும். உறைந்த பிறகு நீர்மட்டம் இறங்கினால் கரையோரம் ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெற்றிடம் விழும். கீழே தாங்கத் தண்ணீர் இல்லாத ஐஸ், அளவில் சரியாக இருந்தாலும் உடையும்.

அதனால் மகனிடம் கேட்க வேண்டியது தடிப்பு எவ்வளவு என்றல்ல, எப்படிப் பார்த்தான் என்று. உளிமுனை வைத்த நீண்ட அலவாங்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். முன்னால் ஓங்கி ஒரு குத்து, பிறகுதான் கால். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்ப வேண்டும். ஐம்பது காலடிக்கு ஒரு துளை போட்டு, நுனி வளைந்த அளவுகோலை ஐஸின் அடிவிளிம்பில் கொளுவி அளக்க வேண்டும். வாகனம் ஏற்றத்தான் வேண்டுமென்றால் மெதுவாக, கண்ணாடியை இறக்கி, ஆசனப் பட்டியைக் கழற்றி ஓட்டட்டும். வேகமாக ஓடும் வாகனம் ஐஸுக்கு அடியில் அலை கிளப்பும், அது கரையோரத்தில் ஐஸை வெடிக்க வைக்கும். இரண்டு வாகனங்களை அருகருகே நிறுத்துவதும் கூடாது. எங்களைக் கேட்டால், ஆற்றில் வாகனம் வேண்டாம். சாமானை இழுக்க ஒரு சறுக்குப்பெட்டி போதும்.

ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி வினிபெக் ஏரியில் விழுகிறது. தெற்கே முதலில் உருகிய தண்ணீர், இன்னும் உறைந்திருக்கும் வடக்கே வந்து முட்டும். அந்த ஐஸ் அடைப்பைக் குறைக்க, பெப்ரவரி அளவில் செல்கிர்க்குக்கு வடக்கே பொறிகளைக் கொண்டு ஐஸை அறுத்து உடைப்பார்கள். அறிவித்தல் வந்த பகுதிக்குள் மீன் எவ்வளவு கடித்தாலும் போகக்கூடாது.

கேள்வி: தப்பித்தவறி உள்ளே விழுந்தால்?
– அதே வாசகர்

பதில்: மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிப் பரவலான கணக்கு 1–10–1. முதல் 1 நிமிடம் மூச்சு அடித்துக்கொள்ளும், பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொல்வதைக் கேட்கும், வெளியேறும் வேலையை அதற்குள் முடிக்க வேண்டும். குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம் ஆகும். வந்த திசைக்கே திரும்பவேண்டும், ஏனென்றால் அந்த ஐஸ்தான் இவ்வளவு நேரம் தாங்கியது. கால்களை நீந்துவதுபோல் பின்னால் உதைத்து உடம்பைக் கிடையாக்கி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் குத்தூசி இரண்டையும் மாறிமாறிக் குத்தி இழுத்து ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்கவே கூடாது, உருண்டு தள்ளிப்போக வேண்டும். ஆற்றில் நீரோட்டம் ஆளை ஐஸுக்கு அடியில் இழுக்கப் பார்க்கும் என்பதால் மிதக்கும் உடுப்பு இல்லாமல் இறங்கவே வேண்டாம். குத்தூசி சட்டைப்பையில் கிடந்தால் இல்லாததற்குச் சமம்.

கேள்வி: அந்தத் துளையை எதனால் போடுகிறார்கள்? மருமகன் வாங்கிய துளைப்பான் முதல் இரண்டு துளையும் நன்றாகப் போட்டுவிட்டு மூன்றாவதில் சும்மா சுற்றுகிறதாம்.
– கடற்றொழிலாளர், கிண்ணியா

பதில்: திருகுச் சுருளின் நுனியில் இரண்டு அலகு பூட்டிய ஒகர் என்ற துளைப்பான். வோல்ஐக்கு 8 அங்குல வாய் அளவானது. 6 அங்குலத்தில் வேலை இலகு, பெரிய மீன் வந்தால் தலை திரும்பாது. ஒரு அடி ஐஸ் வரை கையால் சுற்றலாம். அதற்கு மேல் மின்கல ஒகர்தான் வசதி. மின்கலத்தைத் துளை போடும்வரை மேலங்கிக்குள் வைத்திருக்க வேண்டும், குளிரில் சக்தி சட்டென்று இறங்கிவிடும்.

மருமகனின் ஒகருக்கு அலகு மழுங்கியிருக்காது. துளை போட்டு முடிந்ததும் ஈரத்தோடு பனியில் குத்தி நிறுத்தியிருப்பார். -20 பாகையில் அலகின் விளிம்பில் மெல்லிய ஐஸ் படலம் பிடித்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அலகு ஐஸைத் தொடாது, படலம்தான் உரசும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் துடைத்தால் சரி. தட்டினாலோ சுரண்டினாலோ விளிம்பு போய்விடும். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் ஒகரை உதறி, உறை போட்டுப் படுக்க வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. வாகனச் சில்லில் வந்த தெருமணல் சிந்திய இடத்தில் துளை போட்டால் மட்டும் அலகு உண்மையிலேயே மழுங்கும்.

அடியை உடைத்ததும் ஒகரைச் சுற்றியபடியே மேலே இழுத்தால் சேறுபோன்ற ஐஸ் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். மிச்சத்தைக் கண்ணகப்பையால் அள்ளலாம், வீட்டில் வடை எடுப்பதே போதும். ஆற்றில் இது ஒருமுறை வேலையல்ல. நீரோட்டத்தில் மிதந்துவரும் ஐஸ் ஊசிகள் துளைக்குள் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். கைவிட்ட துளையில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போக வேண்டும். மேலே பனி மூடினால் பின்னால் வருகிறவரின் கால் போகும்.

கேள்வி: கொட்டியாரக் குடாவில் கைத்தூண்டிலில் விளைமீன் பிடிக்கிறவன் நான். இந்த வோல்ஐ எப்படிக் கடிக்கும்? தங்கூசி என்ன அளவு? பெறாமகன் "நாள் முழுக்க இருந்தும் தட்டவேயில்லை சித்தப்பா" என்கிறான்.
– மூதூர்

பதில்: தட்டலுக்குக் காத்திருந்ததுதான் பிழை. வோல்ஐ இழுக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். கையில் தெரிவது ஒன்றில் சிறு பாரம், ஒன்றில் பாரம் இல்லாமல் போவது. இரையை எடுத்துக்கொண்டு மீன் மேலே எழும்பினால் நூல் தொய்யும். தொய்ந்த நூலைப் பார்த்து "நீரோட்டம்" என்று இருந்துவிட்டால் மீன் துப்பிவிடும். ஆட்காட்டி விரலில் நூலை வைத்துப் பழகிய உங்களுக்கு இது ஒரு மணித்தியாலத்தில் பிடிபடும். தடியோடு வளர்ந்தவருக்குச் சற்று நாள் எடுக்கும்.

தங்கூசி 6 முதல் 8 இறாத்தல். பின்னல் நூல் உணர்வுக்கு நல்லது, ஆனால் தண்ணீரை உறிஞ்சித் தடிக்கண்ணில், அதாவது தடியில் நூல் ஓடும் வளையத்தில், உறையும். ஐஸில் கூடாரம் அடித்து உள்ளே இருந்து பிடிப்பதானால் அதைப் பாவிக்கலாம். வெளியில் ஒற்றைத் தங்கூசியே மேல். தடிக்கண்ணில் ஐஸ் பிடித்தால் தட்டி உடைக்காமல் தண்ணீருக்குள் ஒருமுறை தோய்த்து எடுக்க வேண்டும்.

முனையில் ஸ்பூன் என்ற, மீனை ஏய்க்கும் 7 கிராம் அளவு உலோகத் தகடு, அதன் கொக்கியில் உப்பிட்ட சிறுமீனின் தலை மட்டும். நீரோட்டம் கூடினால் 10 கிராமுக்கு மேலே போகலாம். நூல் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சரிந்து நின்றால் ஸ்பூன் அடியை விட்டு எழும்பிவிடும், நூலும் துளையின் அடிவிளிம்பில் உரசி அறும். ஸ்பூனை அடியில் தட்டவிட்டு அரை அடி தூக்கி வையுங்கள். பிறகு ஒரு அடி சுண்டித் தூக்கி, தொய்ந்து விழவிட்டு, 5 முதல் 10 வினாடி அசையாமல் பிடியுங்கள். ஆட்டுவது மீனைக் கூப்பிட. கடிப்பது அசையாத அந்தச் சில வினாடியில். பெறாமகன் அனேகமாக விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்திருப்பார்.

இடம் அதைவிட முக்கியம். குளிரில் மீன் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாது. ஆழவாய்க்காலின் விளிம்பு, மேடு பள்ளத்துக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடம் என்று ஒதுங்கி நிற்கும். ஒரு துளையில் அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லையென்றால் அடுத்ததற்கு நடக்க வேண்டும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் வோல்ஐ மங்கலில் நன்றாகப் பார்க்கும். விடியலும் பொழுதுபடும் நேரமும் அதனால்தான். ரெட் ஆறு கலங்கலானது, பகலிலும் கடிக்கும். ஆனால் கிலுங்கும் ஸ்பூனும் பளிச்சென்ற நிறமும் வேண்டும்.

கொளுவியதும் மணிக்கட்டால் ஒரு தூக்கு போதும். துளைக்குக் கீழே மீன் வந்து வட்டமடிக்கும்போது தடிநுனியைத் துளைக்குள் இறக்கிவிட்டால் நூல் ஐஸில் உரசாது. மனிற்றோபாவில் எதிர்முள் இல்லாத கொக்கிதான் சட்டம், இருக்கிற எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடலாம். அப்படியானால் நூலைத் தொய்யவிடாமல் ஏற்ற வேண்டும், அவ்வளவே. அனுமதிப்பத்திரமும், அந்த வருடத்துக்கான மீன் எண்ணிக்கை, அளவு விதிகளும் புறப்பட முன்பே பார்க்க வேண்டியவை. திரும்ப விடும் மீனைப் பனியில் போடக் கூடாது, செவுளும் கண்ணும் நொடியில் உறையும்.

கேள்வி: ஆறு உறைந்தால் மீன் ஏன் உறைவதில்லை?
– மாணவி, திருகோணமலை

பதில்: ஏரியில் 4 பாகைத் தண்ணீர்தான் மிகக் கனமானது. அது அடிக்குப் போக, அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். ஆற்றில் ஓட்டம் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் அடிவரை ஏறக்குறைய 0 பாகைதான். ஆனால் மீனின் இரத்தத்தில் உப்பு கரைந்திருக்கிறது. அது உறைய 0-வுக்குச் சற்றுக் கீழே, சுமார் -0.5 பாகை வரை போக வேண்டும். ஓடும் தண்ணீர் அவ்வளவுக்கு இறங்காது.

கேள்வி: கூடாரத்துக்குள் காஸ் அடுப்பு மூட்டுகிறார்களாம். மூச்சு முட்டாதா?
– நிலாவெளி

பதில்: மூச்சு முட்டினால்கூட நல்லது, எழும்பி வெளியே வருவார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், நித்திரைத் தூக்கம் என்றுதான் தொடங்கும். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு காற்றுத் துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அடுப்பு எரிய உள்ளே நித்திரை கொள்ளக் கூடாது.

கேள்வி: மகள் அந்த மீனில் புளி விட்டுக் குழம்பு வைத்தாளாம், முழுக்கக் கரைந்துபோயிற்றாம். என்ன பிழை?
– சாம்பல்தீவு

பதில்: மீனில் பிழையில்லை. வோல்ஐ கொழுப்புக் குறைந்த, இதழ் இதழாகப் பிரியும் வெள்ளைச் சதை. பாரைக்கும் அறுக்குளாவுக்கும் கொதிக்கவிடுவதுபோல் விட்டால் கரையும். சொதிதான் பொருத்தம். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், இரண்டாம் பால் வெந்த பிறகு துண்டங்களைப் போட்டு, 5 அல்லது 6 நிமிடம். அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். முதற்பாலும் தேசிக்காய்ப்புளியும் அடுப்பை நிறுத்திய பின். பொரிப்பதானால் துண்டத்தை நன்றாக ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பூச வேண்டும். ஈரத்தோடு போட்டால் சட்டியில் ஒட்டிப் பிய்யும்.

நன்னீர் மீனில் நாடாப்புழு இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடு கூடாது. தடித்த இடத்திலும் 63 பாகை எட்ட வேண்டும். பெரிய மீன் வயதானது, பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும், ஆகவே பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறியதை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சதை வெட்டியதும் தலையை எறிய வேண்டாம். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இரண்டு உருண்டைச் சதை இருக்கும். கத்தி நுனியால் சுற்றி எடுத்துத் தனியே பொரித்தால் அந்த மீனில் ருசியான பகுதி அதுதான்.